பேர் மாற்றி எடுத்த படம்

ஓசூரில் நாங்கள் மூன்று பேர் குடியிருந்த அறைக்கு ஒரே ஒரு ஜன்னல். அதையும் அடைத்துவிட்டோம். கம்பெனியிலிருந்து கொண்டுவந்த அட்டைப்பெட்டியைப் பிரித்து, ஜன்னல் அளவுக்கு வெட்டி, பழுப்பு டேப் போட்டு ஒட்டியது நான்தான். அந்த வேலைப்பாட்டில் எனக்குப் பெருமைகூட இருந்தது. ஒரு பொட்டு வெளிச்சம் உள்ளே வராது. நைட் ஷிப்ட் முடித்துக் காலையில் வந்து படுக்கிறவனுக்கு அதைவிட என்ன வேண்டும்? ஷிப்ட் வாராவாரம் சுற்றும். மூன்று பேருக்கும் வெவ்வேறு ஷிப்ட் என்பதால், எந்த நேரத்திலும் அறையில் ஒருவன் தூங்கிக்கொண்டிருப்பான். ஆகவே அந்த அட்டையை எடுக்க ஒரு வேளையே வாய்க்கவில்லை. வெளியே வெயில் கொளுத்தினாலும் எங்கள் அறைக்குள் எப்போதும் இருட்டுதான்.

இரண்டாயிரத்து ஐந்தை ஒட்டிய வருடங்கள் அவை. சிப்காட் தொழிற்பேட்டையைச் சுற்றி லைன் வீடுகள் முளைத்துக்கொண்டே இருந்தன. தெற்கேயிருந்து பஸ் பஸ்ஸாக ஆட்கள் வந்து இறங்கினார்கள். கார் உதிரி பாகம் செய்கிற ஒரு கம்பெனியில் எங்கள் மூவருக்கும் கான்ட்ராக்ட் வேலை. அங்கே யாரும் யாரையும் பேர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. ஊர்தான் பேர். நான் திருநெல்வேலி. எங்களில் சின்னவன் பரமக்குடி. மூன்றாமவன் உள்ளூர்க்காரன் மாதிரிதான், அஞ்செட்டி மலைப்பக்கம் நாட்றாம்பாளையத்தைச் சேர்ந்தவன். அந்த நீளமான பேரைக் கூப்பிட்டு முடிப்பதற்குள் மெஷின் நின்றுவிடும் என்று அவனை ‘மலை’ என்று சுருக்கிவிட்டோம். உடம்பும் அப்படித்தான் இருக்கும். எங்களைவிட இரண்டு மூன்று வயது பெரியவன், கல்யாணம் ஆனவன், மனைவி பிள்ளைத்தாய்ச்சியாக ஊரில் இருந்தாள்.

பரமக்குடி வந்து ஆறு மாதத்தில் இருமத் தொடங்கினான். யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எடுத்துக்கொள்ளாததற்கு ஓசூரில் ஒரு சொல் இருந்தது. ‘கிளைமேட் செட் ஆகலை.’ தெற்கேயிருந்து வந்தவன் இருமினாலும் அதுதான், இளைத்தாலும் அதுதான், சாயங்காலமானால் உடம்பு கணகணவென்று சுட்டாலும் அதுதான். சூப்பர்வைசர் சொல்வார், கேன்டீனில் சோறு போடுகிறவர் சொல்வார், வீட்டு ஓனரம்மா தெலுங்கு வாடையோடு சொல்வார். முதல் குளிர் அப்படித்தான் இருக்கும், ரெண்டாவது குளிருக்குள் செட் ஆகிவிடும் என்பார்கள். எனக்கும் முதல் வருடம் இருமல் வந்து போனதால் நானும் அதையே அவனுக்குச் சொன்னேன். அவனும் நம்பினான். செட் ஆகிற வரைக்கும் பொறுப்போம் என்று பொறுத்தான். அந்தச் சொல்லின் மேல் எனக்கு இன்றும் ஆத்திரம் அடங்கவில்லை. எத்தனை நெஞ்சுகளை அது மூடி வைத்ததோ தெரியாது.

இருமல் இருக்கும்போதே அவனுக்குப் பெர்மனென்ட் ஆகிற நேரம் வந்துவிட்டது. எங்கள் லைனில் ஓரிரண்டு பேரைத்தான் எடுப்பார்கள். கை சுத்தமான வேலைக்காரன், அவனை எடுத்ததில் யாருக்கும் பொறாமையில்லை. ஆனால் மெடிக்கல் என்று ஒன்று இருந்தது. கம்பெனி ஒரு சீட்டுக் கொடுக்கும். அதை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் இருந்த ஒரு எக்ஸ்ரே சென்டருக்குப் போய் நெஞ்சைப் படம் எடுத்து, அந்தப் படத்தைக் கம்பெனி டாக்டரிடம் கொடுக்க வேண்டும். போன தடவை மெடிக்கலுக்குப் போன ஒருவனை நெஞ்சில் சளி என்று சொல்லித் திருப்பி அனுப்பியிருந்தார்கள். அதுமுதல் பரமக்குடிக்குச் சோறு இறங்கவில்லை.

“படத்துல எதுவும் தெரிஞ்சுபோச்சுன்னா என்னண்ணே பண்றது? ஊருக்குச் சொல்லிப்புட்டேன் பெர்மனென்ட்டுன்னு.”

அப்போது ரசத்தில் களியைத் தொட்டு விழுங்கிக்கொண்டிருந்த மலைதான் அதற்கு ஒரு வழி சொன்னான்.

“என்னாத்துக்குடா பயப்படற? சீட்ட எங்கிட்ட குடு. நானு போயி படம் புடிச்சினு வரன். ராகி மூட்டை ரெண்டா தூக்கற நெஞ்சுடா இது. டாக்டரு பார்த்துட்டு உனுக்கு ரெண்டு பெர்மனென்ட்டு குடுப்பாரு.”

இதைக் கேட்டு எங்களில் யாரும் அதிர்ந்துபோகவில்லை. ஆளுக்கு ஆள் நிற்பது எங்களுக்குச் சாதாரணம். ஒருவன் கார்டை இன்னொருவன் பஞ்ச் பண்ணுவான். ஒருவன் பேரில் இன்னொருவன் ஓவர்டைம் பார்ப்பான். அடையாள அட்டையில் இருக்கிற போட்டோவை செக்யூரிட்டி பார்த்ததே கிடையாது, தொப்பியையும் சட்டை நிறத்தையும்தான் பார்ப்பார். நெஞ்சையும் அப்படிக் கைமாற்றிக் கொடுக்கலாம் என்பது எங்களுக்கு நல்ல யோசனையாகவே தோன்றியது. மலை குளித்துவிட்டு, பரமக்குடியின் சட்டையையே போட முயன்று, பட்டன் போடமுடியாமல் தன் சட்டையிலேயே போனான். பரமக்குடி அன்று பல நாளைக்கப்புறம் வயிறாரச் சாப்பிட்டான்.

மறுநாள் படம் வந்தது. பெரிய காக்கி உறை, மேலே பரமக்குடியின் பேர். உள்ளே ஒரு சின்னத் தாளில் இங்கிலீஷில் இரண்டு வரி. மூன்று பேரில் நான்தான் பாலிடெக்னிக் படித்தவன் என்பதால் என்னிடம் நீட்டினார்கள். வலது பக்கம், மேலே, நிழல் என்பது வரைக்கும் புரிந்தது. அதற்குப் பிறகு ஒரு கேள்விக்குறி போட்டு ‘கோச்’ என்று எழுதியிருந்தது.

“கோச்சா? ரயில் கோச்சா, பஸ் கோச்சா?” என்று மலை சிரித்தான். “என் நெஞ்சுல ரயிலு ஓடுது போல!”

நானும் சிரித்தேன். டி.பி. என்ற வார்த்தையை நோயாளி கண்ணில் படாமல் எழுதுவதற்கு டாக்டர்கள் வைத்திருக்கிற பேர் அது என்று எனக்கு அப்போது தெரியாது. மெஷின் கோளாறு என்றான் மலை. வேறு எவனுடைய படத்தையோ மாற்றிக் கொடுத்துவிட்டார்கள் என்றேன் நான். பரமக்குடி மட்டும் சிரிக்கவில்லை. அந்த உறையின் மேல் இருந்த தன் பேரையே பார்த்துக்கொண்டிருந்தான். நாலு நாள் கழித்துக் காலையில் பல் விளக்கும்போது அவன் துப்பியதில் ரத்தம் இருந்தது. என்னைக் கூட்டிப்போய்க் காட்டினான். சிவப்பு, நூல் நூலாக.

அன்றைக்கே இரண்டு பேரும் அரசு ஆஸ்பத்திரிக்குப் போனோம். பயத்தில் அந்தப் படத்தையும் கையோடு எடுத்துவந்திருந்தான். டாக்டர் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். மேலே இருந்த அந்த வெண்மையான நிழலை விரலால் சுற்றிக் காட்டினார். பிறகு விரலை இன்னும் கொஞ்சம் மேலே கொண்டுபோனார்.

“காலர் எலும்பு எப்ப ஒடைஞ்சுது?”

பரமக்குடி முழித்தான். “எலும்பா சார்?”

“ஒடைஞ்சு கூடியிருக்குப்பா. முடிச்சு தெரியுது பாரு.”

அவன் என்னைப் பார்த்தான், நான் படத்தைப் பார்த்தேன். மலைக்கு வலது தோளை ஒட்டிக் காலர் எலும்பில் ஒரு புடைப்பு உண்டு. சின்ன வயதில் புளியமரத்திலிருந்து விழுந்தது என்று குளிக்கும்போது காட்டியிருக்கிறான். மெஷினும் பிசகவில்லை, படமும் மாறவில்லை. அந்த நெஞ்சு மலையுடையது. அந்த நிழலும் அவனுடையது. இருமாத, இளைக்காத, தட்டு நிறையக் களி தின்கிற மலைக்குள்ளே அது உட்கார்ந்திருந்தது.

“சின்ன வயசுல விழுந்தேன் சார்,” என்றான் பரமக்குடி.

அவனை நான் குறை சொல்லமாட்டேன். ஆள் மாற்றிப் படம் எடுத்தது வெளியே தெரிந்தால் இரண்டு பேருக்கும் வேலை போகும் என்ற ஒன்றுதான் அவன் தலையில் ஓடியிருக்கும். டாக்டர் சளியைச் சோதிக்கச் சொன்னார். சோதித்தார்கள். அவனுக்கும் இருந்தது. ஆக, ஒருவன் படத்தைக் காட்டி இன்னொருவனுக்கு வைத்தியம் தொடங்கியது. வாரத்தில் மூன்று நாள் அங்கே போய், சிஸ்டர் கண்ணெதிரே மாத்திரைகளை விழுங்க வேண்டும். சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகும், பயப்படாதே என்றார் அந்த அம்மாள். லைன் வீட்டுப் பொதுக் கக்கூஸில் அவன் பக்கெட் பக்கெட்டாகத் தண்ணீர் ஊற்றிவிட்டு வருவான், ஓனரம்மா பார்த்துவிடக் கூடாதென்று.

கூட இருக்கிறவர்களை வரச் சொல்லியிருந்தார்கள். நான் போனேன், சளி கொடுத்தேன், ஒன்றுமில்லை என்றார்கள். ஜன்னல் இருக்கிறதா, வெளிச்சம் வருகிறதா என்று அந்த சிஸ்டர் கேட்டார். மூன்று பேரும் விட்ட மூச்சையே திரும்பத் திரும்ப இழுத்துக்கொண்டிருக்கிறோம் என்பது அவர் கேட்டபோதுதான் உறைத்தது. அறைக்கு வந்ததும் அட்டையைப் பிய்த்து எறிந்தேன். வெளிச்சம் விழுந்த இடத்தில் தூசி மிதந்தது. மூன்று பாய்களும் எவ்வளவு நெருக்கமாகக் கிடக்கின்றன என்பதை அன்றுதான் பகலில் பார்த்தேன்.

மலை வேலை முடிந்து வந்ததும் ஒளிக்காமல் சொன்னேன்.

“அது உம்ம நெஞ்சுவே. ஒடைஞ்ச எலும்பு தெரியுது. மொதல்ல ஆஸ்பத்திரிக்கு வாரும்.”

அவன் கை தானாகத் தோளுக்குப் போனது. அந்த முடிச்சைக் கொஞ்ச நேரம் தடவிக்கொண்டிருந்தான். பிறகு கையை எடுத்துவிட்டான்.

“பேரு அவன் பேருதான போட்டிருக்குது? நோவும் அவனுக்குத்தான வந்திருக்குது? அப்பறம் என்னா? எனுக்கு இருமலே இல்ல. இருமலு இல்லாத எவனாச்சும் ஆஸ்பத்திரிக்குப் போவானா?”

“நெழலு உமக்குல்லா இருக்கு வே!”

“நெழலுதான? வெயில்ல நின்னா எல்லாருக்கும் இருக்கும்.”

அவன் முட்டாள் இல்லை. அடுத்து பெர்மனென்ட் ஆகவேண்டியவன் அவன். அந்தப் படத்தைக் கம்பெனியில் கொடுக்காமல் விட்ட பரமக்குடியின் இடம் என்ன ஆனதென்று அவன் கண்முன்னேயே இருந்தது. கம்பெனி வேறொருவனை எடுத்துக்கொண்டுவிட்டது. பேர் மாற்றி எடுத்த அந்தப் படம் மலைக்கு வசதியான இடத்தில் இருந்தது. அவனைப் பற்றிய உண்மை இன்னொருவன் பேரில் பத்திரமாகக் கிடந்தது. நாலைந்து தடவை சண்டை போட்டேன். ஒரு தடவை நாங்கள் போட்ட சத்தத்தில் பக்கத்து அறைக்காரர்கள் வந்து விலக்கினார்கள். அப்புறம் அவன் என்னோடு பேசுவதைக் குறைத்துக்கொண்டான்.

ஆடி மாதம் அவனுக்குப் பெண் குழந்தை பிறந்தது. சந்தோஷத்தில் என் மேலிருந்த கோபத்தை மறந்து லட்டு கொண்டுவந்து கொடுத்தான். அதுமுதல் வாராந்தர லீவு வந்தால் அவன் அறையில் தங்கமாட்டான். தேன்கனிக்கோட்டை பஸ்ஸைப் பிடித்து, அங்கிருந்து அஞ்செட்டி பஸ்ஸில் நின்றுகொண்டே மலையேறிப் போவான். பஸ்ஸில் ஜன்னலை எல்லாம் குளிருக்கு ஏற்றிவிட்டிருப்பார்கள். அந்தப் பஸ்ஸில் அவனைப் போல எத்தனை பேர் சிப்காட்டிலிருந்து சம்பளத்தோடும் சாமானோடும் ஊருக்குப் போய்க்கொண்டிருந்தார்களோ. ஓசூருக்கு நோய் வந்து சேர்ந்த அதே வழியில்தான் அது ஊர் ஊராகத் திரும்பிப் போனது. அதை அப்போது யாரும் யோசிக்கவில்லை.

ஒரு திங்கட்கிழமை திரும்பி வந்தவன் மகளைப் பற்றிச் சொன்னான்.

“பாயில போட்டா அழுவறா. எம்மேல போட்டுக்கினாதான் தூங்கறா. ராவெல்லாம் நெஞ்சு மேலயே கெடக்கறா. வெதுவெதுன்னு இருக்குதில்ல, அதான்.”

பரமக்குடி வாயில் வைத்த சோற்றை மெல்லாமல் என்னைப் பார்த்தான். அவன்தான் அன்று கையெடுத்துக் கும்பிட்டான். “அண்ணே, உங்க கால்ல விழுறேண்ணே. நான் சாப்புடுற மாத்திரதாண்ணே, ஒண்ணும் செய்யாது. வாங்கண்ணே.” அவனுக்கு அதற்குள் கன்னம் கொஞ்சம் தேறியிருந்தது, இருமலும் நின்றிருந்தது. அதையே ஆதாரமாகக் காட்டினான். மலை எழுந்து போய்க் கை கழுவினான். நெஞ்சு நன்றாக இருக்கிறது என்று நம்பித்தான் அவனை அனுப்பினோம், இப்போது அதே நெஞ்சைச் சந்தேகப்படுகிறோம் என்று அவனுக்கு எங்கள் மேல் ஒரே எரிச்சல்.

மார்கழியில் மலை இருமினான்.

எனக்கு வார லீவான ஒரு நாள் ராத்திரி, செகண்ட் ஷிப்ட் முடிந்து வந்து படுத்தவனிடமிருந்து அது வந்தது. வறண்ட, சின்ன இருமல். நானும் பரமக்குடியும் விழித்துக்கொண்டோம். கம்பெனியிலும் கேட்டார்கள். என்னப்பா இருமல் என்றார் சூப்பர்வைசர். வழக்கமான சொல்லைச் சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டார். இந்தக் குளிரில் பிறந்து இந்தக் குளிரில் வளர்ந்தவனைப் பார்த்துக் கிளைமேட் செட் ஆகவில்லை என்று எப்படிச் சொல்வது? பீடியைக் குறை என்று சொல்லிவிட்டுப் போனார். பேண்ட்டை இடுப்பில் நிறுத்த மலை பெல்ட்டில் ஆணியால் புது ஓட்டை போட்டுக்கொண்டான். அதைப் பார்க்காத மாதிரி நான் திரும்பிக்கொண்டேன்.

தை பிறந்ததும் அவனாகவே என்னிடம் வந்தான். “பாப்பாக்கு மொட்ட போட்டு காது குத்தணும். அது முடியட்டும். முடிஞ்சதும் வரன், நீயே கூட்டினு போ.” குரல் கம்மியிருந்தது. அதற்கு மேல் அவனை நெருக்க எனக்கு மனசு வரவில்லை. லீவு எழுதிக் கொடுத்துவிட்டுப் போனான். சொன்ன நாளில் திரும்பி வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை. இருமலில் படுத்துவிட்டான் என்றுதான் நாங்கள் நினைத்தோம். அவனைப் பற்றியே பயந்துகொண்டிருந்தோம்.

மாசி மாதம் ஒரு மத்தியானம் பரமக்குடியின் செல்போனுக்கு அழைப்பு வந்தது. ஓசூர் ஆஸ்பத்திரி வாசலிலிருந்து மலை பேசினான். குழந்தைக்கு இரண்டு வாரமாகக் காய்ச்சல், பால் குடிக்கவில்லை, காலையிலிருந்து வலிப்பு. நாங்கள் இரண்டு பேரும் ஓடினோம். வார்டில் அவன் மனைவியை முதன்முதலாகப் பார்த்தேன். மெலிந்த சின்னப் பெண். கட்டிலில் குழந்தை, மொட்டைத் தலை, காதில் புது வாளிக் கம்மல். தலை பின்னால் வளைந்து, கழுத்து விறைத்திருந்தது. கண் திறந்திருந்தது, ஆனால் எதையும் பார்க்கவில்லை.

டாக்டரம்மா குழந்தையின் கழுத்தைத் தூக்கிப் பார்த்துவிட்டுத் தாயைக் கேட்டார். “வீட்ல யாருக்காச்சும் ரொம்ப நாளா இருமல் இருக்கா? டி.பி. மாத்திரை சாப்பிடறவங்க யாராச்சும்?”

“எங்க வூட்ல யாருக்கும் இல்லீங்க மேடம். இவருக்குத்தான் குளுருக்கு இப்பக் கொஞ்சம் இருமலு. ஆனா இவரு நெஞ்சு ரொம்ப நல்ல நெஞ்சுங்க. கம்பெனில இவரு கூட்டாளிக்கு நோவுன்னு, அவருக்குப் பதிலா இவருதான் போயி எக்ஸ்ரே புடிச்சிக் குடுத்தாரு. நல்ல நெஞ்சுன்னுதான இவர அனுப்பிச்சாங்க?” அவள் எங்களைத் திரும்பிப் பார்த்தாள். “இல்லீங்களாண்ணா?”

அந்தக் கலக்கத்திலும் அவள் முகத்தில் புருஷனைப் பற்றிய பெருமை இருந்தது. எங்கள் கதையை அவன் அந்த அளவுக்குத்தான் வீட்டில் சொல்லியிருக்கிறான். டாக்டரம்மா எழுதுவதை நிறுத்திவிட்டு அவனைப் பார்த்தார். அந்த ஒரு நிமிடம் அவன் பொய் சொல்லிவிடுவானோ என்று பயந்தேன். வேலை, பெர்மனென்ட், எல்லாம் அவன் வாயில் நின்றது.

“மேடம்,” என்றான் மலை. “அந்தப் படத்துல கோளாறு இருந்துச்சுங்க. அது என்னுதுதான்.”

அவன் மனைவிக்கு உடனே புரியவில்லை. டாக்டரம்மாவின் முகத்தைப் பார்த்தாள், அவன் முகத்தைப் பார்த்தாள். பிறகு கட்டிலில் கிடந்த பிள்ளையை வாரி எடுத்து, அவனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு திரும்பி நின்றாள். எங்கள் மூன்று பேரையும் அவள் அப்புறம் ஏறிட்டுப் பார்க்கவில்லை.

அன்றைக்கே ஆம்புலன்ஸில் பெங்களூருக்கு அனுப்பினார்கள். நோய் மூளையைச் சுற்றிப் படர்ந்திருந்ததாம். பிறந்ததும் போடுகிற தடுப்பூசி போட்டிருக்கிறது என்று தாய் திரும்பத் திரும்பச் சொன்னாள். அப்படியும் சில குழந்தைகளுக்கு வரும் என்றார்கள். மாதக்கணக்கில் வைத்தியம் நடந்தது. மலைக்கும் அவன் சொந்தப் பேரில் படம் எடுத்து, சொந்தப் பேரில் மாத்திரை கொடுத்தார்கள். இருமல் நின்றது, சதை போட்டது. வேலையை விட்டுவிட்டு ஊரோடு போய்விட்டான். பரமக்குடி போச்சம்பள்ளிப் பக்கம் ஒரு கம்பெனியில் சேர்ந்து, அங்கே பெர்மனென்ட் ஆனான்.

மூன்று வருடம் கழித்து ஒரு நாள் நான் நாட்றாம்பாளையம் போனேன். ஏன் அவ்வளவு நாள் போகவில்லை என்று மலை கேட்கவில்லை. அவரைக்காய் பறித்துக் குவித்திருந்தான். அந்தக் குவியலுக்கு அந்தப் பக்கம் அவன் மகள் எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து உரித்துக்கொண்டிருந்தாள். நல்ல வளர்த்தி, அடர்த்தியான முடி. எனக்கு நெஞ்சு நிறைந்துபோனது. கொண்டுபோன பிஸ்கட்டை எடுத்துக்கொண்டு, “ஏ பிள்ளே, இங்க வா,” என்று கூப்பிட்டேன். திரும்பவில்லை. இன்னும் சத்தமாகக் கூப்பிட்டேன். கையையும் தட்டினேன்.

“அவளுக்குக் கேக்காது,” என்றான் மலை. “அந்தக் காய்ச்சலோட போயிடுச்சு.”

அவன் ஒரு அவரைக்காயை எடுத்து உரித்தான். கொட்டைகளைத் தட்டில் போட்டான்.

“அதுக்கு முன்னாடி எல்லாம் கேட்டுனுதான் இருந்தா. ராவெல்லாம் எம்மேலதான கெடந்தா. கடைசியா அவ கேட்டது நானு இருமுனதாத்தான் இருக்கும்.”